உப்புக்காற்றில் பழைய ஸ்பீக்கர்: எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டது, சுருக்கமாக:

"காக்கா (அண்ணன்), வாப்பா சிங்கப்பூரில் இருந்தபோது 80களின் தொடக்கத்தில் வாங்கி வந்த ஏஆர் 18 ஸ்பீக்கர் ஜோடி எங்கள் மாடியில் இருக்கிறது. இப்போது முன்வலையைக் கழற்றிப் பார்த்தால் பேஸ் தருகிற வூஃபரைச் சுற்றியுள்ள ஸ்பாஞ்ச் தொட்டாலே உதிர்கிறது. ஒரு பக்கம் ட்ரெபிள் தருகிற ட்வீட்டர் பேசவில்லை. மைக்செட் வேலை பார்ப்பவர், 'இந்த வூஃபரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது எட்டு இஞ்ச் போட்டுத் தருகிறேன்' என்கிறார். மச்சான், 'எடைக்குப் போட்டுவிட்டு சவுண்ட்பார் வாங்கு' என்கிறார். அதோடு வந்த ஜப்பான் ஆம்ப்பும் கிடக்கிறது. கேட்கிற அறை 12 அடிக்கு 12 அடி, டைல்ஸ் தரை. என்ன செய்யலாம்?"

தம்பி, முதல் வேலையாக மைக்செட்காரரிடம் வூஃபரை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எடைக்கும் போட வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் வூஃபருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன் ஓரத்து ஃபோம் மட்டும்தான் போயிருக்கிறது. அது மாற்றுவதற்கென்றே இருக்கிற பாகம்.

அந்த ஃபோம் பாலியூரித்தேன் வகை. ஈரக்காற்று படப்பட அதன் மூலக்கூறுகள் தண்ணீரோடு வினைபுரிந்து துண்டு துண்டாக உடையும். பெட்டியைப் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் இது நடக்கும். குளிர்ந்த, உலர்ந்த ஊரிலேயே பதினைந்து இருபது வருஷம்தான் தாங்கும். நம் பக்கம் வெயிலும் ஈரமும் சேர்ந்தே இருப்பதால் இன்னும் சீக்கிரம் போகும். அதனால் "வாப்பா பத்திரமாகத்தானே வைத்திருந்தார்" என்று வருத்தப்பட வேண்டாம். இதில் பராமரிப்புக் குறை எதுவும் இல்லை.

இப்போது ஏன் வேறு வூஃபர் போடக்கூடாது என்று சொல்கிறேன். உங்கள் கையில் இருப்பது சாதாரணப் பெட்டி கிடையாது. 1954இல் எட்கர் வில்ச்சர், ஹென்றி க்ளாஸ் என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கியதுதான் அக்கூஸ்டிக் ரிசர்ச் கம்பெனி. ஏஆர் என்பது அதன் சுருக்கம். அதற்கு முன் ஆழமான பேஸ் வேண்டுமென்றால் பீரோ அளவு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டிகளில், முன்னும் பின்னும் ஆடுகிற காகிதக் கூம்பான கோனைப் பழைய நிலைக்கு இழுத்து வருவது அதன் விறைப்பான ஓரமும் பின்னால் உள்ள ஸ்பைடர் என்கிற மடிப்புத் துணி வளையமும்தான். கோன் பெரிதாக ஆடும்போது இவை சீராக இழுக்காது, அதனால் பேஸ் கரகரக்கும். வில்ச்சர் ஓரத்தையும் ஸ்பைடரையும் துவளத் துவள விட்டுவிட்டு, காற்றுப் புகாதபடி அடைத்த சிறிய பெட்டிக்குள் இருக்கிற காற்றையே ஸ்பிரிங்காக வைத்தார். அடைபட்ட காற்று ரப்பரையும் துணியையும்விட ஒழுங்காகத் திருப்பித் தள்ளும். அலமாரித் தட்டில் வைக்கிற அளவுப் பெட்டியில் அடிவயிற்றில் இறங்குகிற பேஸ் வந்தது இந்த யோசனையால்தான். ஏஆர் 18 அந்தக் குடும்பத்தின் சின்னப் பிள்ளை: எட்டு இஞ்ச் வூஃபர், மூடிய பெட்டி.

மைக்செட் வூஃபர் நேர் எதிர். பந்தலில் நூறு பேருக்குக் கேட்க வேண்டும் என்று செய்தது. கோன் லேசாக இருக்கும், ஓரம் மடித்த துணியாக விறைப்பாக இருக்கும், குறைந்த வாட்டில் சத்தமாகப் பேசும். ஆழமான பேஸ் அதன் வேலையில் இல்லை. அதை உங்கள் பெட்டியில் போட்டால் சத்தம் கூடும், பேஸ் காணாமல் போகும், குரல் மூக்கடைத்த மாதிரி வரும். ட்வீட்டரோடும் ஒட்டாது, ஏனென்றால் சத்தத்தை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவர் உள்ளே இருக்கிறது, அது பழைய வூஃபரின் குணத்துக்கு ஏற்றபடி கணக்குப் போட்டுச் செய்தது. மைக்செட் வேலை செய்பவர்கள் கைத்தேர்ச்சி உள்ளவர்கள். கோனை ஆட்டுகிற கம்பிச்சுருளான காயில் எரிந்துபோனால் சுற்றிக் கொடுக்க அவர்களைவிட ஆள் கிடைக்காது. அந்த மனிதரையே நீங்கள் ஃபோம் மாற்றுவதற்குப் பயன்படுத்தலாம், வூஃபரை மட்டும் மாற்ற விடாதீர்கள்.

ஃபோமை ஆர்டர் செய்வதற்கு முன் வூஃபர் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெட்டியிலிருந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி எடுங்கள். ஒயர் எந்த முனையில் இருந்தது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனையிலும் தொட்டால், பெட்டியில் எழுதியிருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு காட்ட வேண்டும். 8 ஓம்ஸ் என்றால் மீட்டரில் 5½ முதல் 7 வரை. எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது, அல்லது கோனுக்குப் போகிற பின்னல் ஒயர் உப்புப் பிடித்து அறுந்திருக்கிறது. இரண்டாவதுதான் நம் கரையில் அதிகம். அது வெறும் சால்டர் வேலை.

அடுத்தது முக்கியம். வூஃபரை மேசையில் மல்லாக்க வைத்து, இரண்டு கை விரல்களையும் கோனின் எதிரெதிர்ப் பக்கங்களில் பரப்பி, ஒரே சீராக மெதுவாக அழுத்துங்கள். காதை அருகில் வையுங்கள். சத்தமே இல்லாமல் இறங்கி ஏறினால் நல்லது. சரக் சரக் என்று உரசினால் இரண்டு காரணம் இருக்கலாம். ஓரம் போனதால் கோன் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், புது ஃபோம் போட்டதும் சரியாகிவிடும். காந்தத்தின் நடு இடைவெளியில் துரு ஏறியிருந்தால்தான் கஷ்டம். கறுப்பு ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது. அதன் மேலும் கீழும் உள்ள இரும்புத் தகடு துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கொள்ளும், காயில் ஓடுகிற இடைவெளியோ மில்லிமீட்டர் கணக்கு. அப்படி ஆகியிருந்தால் கோனை முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதை ரீகோன் செய்கிற, அதாவது கோனையும் காயிலையும் பிரித்து மாட்டுகிற ஆளிடம்தான் கொடுக்க வேண்டும்.

ஃபோம் வாங்கும்போது "எட்டு இஞ்ச்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். எட்டு இஞ்ச் என்பது பெயருக்கு. நான்கு அளவு எடுங்கள்: கோனின் வெளிவட்டம், ஃபோம் வளைவின் உள்வட்டம், வளைவின் வெளிவட்டம், இரும்புச் சட்டத்தில் ஒட்டுகிற இடத்தின் வெளிவட்டம். மில்லிமீட்டரில் எடுங்கள். ஏஆர் மாடல் பெயரைச் சொல்லி ஆன்லைனில் ரெடிமேடாகவும் கிடைக்கும், ஆனாலும் அளவைச் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

"நம் ஊருக்கு ரப்பர் நல்லதுதானே" என்று எல்லாரும் கேட்பார்கள். ரப்பர் உழைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடையில் கிடைக்கிற ரப்பர் வளையம் பெரும்பாலும் கனம், விறைப்பு. ஓரம் துவள வேண்டும் என்பதுதான் இந்தப் பெட்டியின் உயிர் என்று மேலே சொன்னேன் அல்லவா? கனத்த ரப்பரைப் போட்டால் வில்ச்சர் செய்ததை நாம் அழித்தது போலாகும். விரலால் அழுத்தினால் ஃபோம் போலவே தளர்ந்து கொடுக்கிற மெல்லிய ரப்பர் கிடைத்தால் போடலாம். கிடைக்காவிட்டால் ஃபோமே போடுங்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இன்னொரு தடவை மாற்றினால் ஆயிற்று.

பழைய ஃபோமை எடுப்பதுதான் பொறுமையைச் சோதிக்கும். உதிர்ந்தது போக மிச்சம், உருகிய வெல்லப் பாகு மாதிரி கோன் ஓரத்தில் ஒட்டியிருக்கும். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் வேண்டாம். காகிதக் கோனின் பூச்சைத் தின்றுவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊறவிட்டு, மழுங்கிய பிளேடால் வெளிப்பக்கமாகவே தள்ளி எடுங்கள். கோனை நனைய விடாதீர்கள். பழைய ஃபோம் கோனின் முன்பக்கம் ஒட்டியிருந்ததா, பின்பக்கமா என்று எடுப்பதற்கு முன்பே பார்த்து வையுங்கள். புதியதும் அதே பக்கம்தான் ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதற்குக் காகிதக் கோன் என்றால் வெள்ளைப் பசையே போதும், மரவேலைக்குப் பயன்படுத்துகிற பிவிஏ வகை. செருப்புக்கு ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது. முதல் நாள் ஃபோமைக் கோனில் மட்டும் ஒட்டுங்கள். சுற்றிலும் விரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள், பசை காயவே காயாது. மாசி, பங்குனி நல்லது.

இரண்டாம் நாள் வெளி ஓரத்தைச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். கோன் நட்டநடுவில் நிற்கிறதா என்பது இங்கேதான் முடிவாகும். நடுவில் உள்ள மூடியைப் பெயர்க்காமலேயே செய்யலாம். பசை தடவி ஃபோமைப் படிய வைத்த பிறகு, வூஃபரை ஆம்ப்பில் மாட்டி, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு 25 ஹெர்ட்ஸ் ஓடவிடுங்கள். வால்யூம் மிகக் குறைவாக, கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆடினால் போதும். அந்த அளவில் காதுக்குச் சத்தம் ஏதும் பெரிதாகக் கேட்கக்கூடாது, கோன் மூச்சு விடுவது மட்டும் தெரிய வேண்டும். உரசல் கேட்டால், கேட்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் ஃபோமை ஒரு மயிரிழை நகர்த்துங்கள். சத்தம் நிற்கிற இடம் வந்ததும் ஆம்ப்பை அணைத்துவிட்டு, துணி காயப்போடுகிற கிளிப்பைச் சுற்றிலும் மாட்டி விட்டுவிடுங்கள். பசை இறுகத் தொடங்குகிற வரை அவ்வப்போது விரலால் அழுத்தி உரசுகிறதா என்று பாருங்கள்.

பெட்டிக்குள் மஞ்சளாகக் கண்ணாடி நார் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். வெறுங்கையால் தொட்டால் இரவு முழுக்க அரிக்கும், கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். "பழசாகிவிட்டது" என்று எடுத்துப் போட்டுவிட்டுத் தலையணைப் பஞ்சு அடைத்த பெட்டிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நார் பேஸைப் பக்குவப்படுத்தவே இருக்கிறது, எவ்வளவு என்பதும் கணக்குத்தான். வூஃபரைத் திரும்ப மாட்டும்போது அதன் அடியில் மெல்லிய ஃபோம் டேப் சுற்றுங்கள், காற்று ஒழுகக்கூடாது. மாட்டி முடித்ததும் கோனை மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். நிதானமாகத் திரும்பி வந்தால் பெட்டி அடைப்பாக இருக்கிறது. டப்பென்று குதித்து வந்தால் எங்கோ ஓட்டை, பெரும்பாலும் பின்பக்க டெர்மினல் தட்டில்.

ட்வீட்டருக்கு வருவோம். பேசவில்லை என்றதும் செத்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பேசாத பெட்டியின் ட்வீட்டரைக் கழற்றி, பேசுகிற பெட்டியில் மாட்டிப் பாருங்கள். அங்கே பேசினால் கோளாறு கிராஸ்ஓவரில். அதில் உள்ள கண்டன்சர் துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக் வகையாக இருந்தால், நாற்பது வருஷத்தில் உள்ளே இருக்கிற திரவம் காய்ந்து அளவு மாறியிருக்கும், காலும் பச்சை பூத்திருக்கும். அதே மைக்ரோஃபாரட் அளவில் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் கண்டன்சர் வாங்கிப் போடுங்கள். வோல்டேஜ் அதிகமாக இருந்தால் பரவாயில்லை, மைக்ரோஃபாரட் மாறக்கூடாது. "கொஞ்சம் பெரியதாகப் போட்டால் ட்ரெபிள் நன்றாக வரும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது ட்வீட்டருக்குத் தாங்காத கீழ்ச்சுருதியை அனுப்பி அதைக் கொன்றுவிடும். ஒரு பெட்டியில் மாற்றினால் மறுபெட்டியிலும் மாற்றுங்கள், இரண்டும் ஒரே குரலில் பேச வேண்டும். இதைப் படிக்கிற வேறு யாரிடமாவது ஏஆர் 3ஏ மாதிரிப் பெரிய மாடல் இருந்தால், பின்னால் உள்ள திருகுக் கட்டுப்பாட்டை முதலில் சந்தேகப்படுங்கள். அது உள்ளே பூத்துப்போய் ட்வீட்டரையும் மிட்ரேஞ்சையும் ஊமையாக்குவது அந்த மாடலின் ஊரறிந்த குணம்.

எல்லாம் மாட்டியபின் ஒன்றரை வோல்ட் பேட்டரியால் துருவம் சரிபாருங்கள். பேட்டரியின் பிளஸ்ஸைச் சிவப்பில் ஒரு நொடி தொட்டால் வூஃபர் முன்னால் வர வேண்டும், இரண்டு பெட்டியிலும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் போனால் பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பழைய ஜேபிஎல் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம், அந்தக் காலத்து ஜேபிஎல்லில் சிவப்பில் பிளஸ் கொடுத்தால் கோன் உள்ளே போகும். கம்பெனியே அப்படித்தான் வைத்திருந்தது.

ஜப்பான் ஆம்ப்பை நேராகப் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். பின்னால் வோல்டேஜ் செலக்டர் இருக்கிறதா, எதில் நிற்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் வாங்கியது என்றால் 230க்கு ஏற்றதாக இருக்கும், ஆனால் ஜப்பான் உள்நாட்டு மாடல் 100 வோல்ட். சவூதியிலிருந்து வந்த செட்டுகளில் 110, 127 என்றும் பார்க்கலாம். செலக்டர் தவறான இடத்தில் இருந்தால் ஒரு நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். சரியாக இருந்தாலும், பல வருஷம் தூங்கிய ஆம்ப்பை முதலில் சீரியல் பல்பு வழியாக, அதாவது மின்சாரம் ஒரு பல்பைக் கடந்து ஆம்ப்புக்கு வருகிறபடி, ஏற்றுங்கள். 60 வாட் குண்டு பல்பு போதும். ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. பிரகாசமாக நின்றால் உள்ளே ஷார்ட், மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கிற பெரிய கண்டன்சர்கள் இருக்கும், பழக்கமில்லாமல் மூடியைத் திறக்க வேண்டாம். ஓடத் தொடங்கியதும் வால்யூமை முக்காலுக்கு மேல் திருகாதீர்கள். ஆம்ப் தன் சக்தி தீர்ந்து அலையின் தலையை வெட்டத் தொடங்கினால், அந்த வெட்டிலிருந்து பிறக்கிற மேல்சுருதி முழுக்க ட்வீட்டரில்தான் போய் விழும். சின்ன ஆம்ப்பை முறுக்கித்தான் பல நல்ல ட்வீட்டர்கள் எரிகின்றன.

இனி மச்சான் சொன்ன சவுண்ட்பார். டிவி செய்தியும் படமும் பார்க்கத்தான் என்றால் அவர் சொல்வதில் தப்பில்லை, வசனம் தெளிவாகக் கேட்கும். பாட்டுக்கு என்றால் என் பதில் வேறு. க்ளாஸ் ஏஆரை விட்டு வெளியே வந்து 1957இல் இரண்டு நண்பர்களோடு கேஎல்எச் என்ற கம்பெனி தொடங்கினார். அதில் எச் என்பது ஆன்டன் ஹாஃப்மன். அவர் பெயரில் வழங்குகிற விதி ஒன்று உண்டு: பெட்டி சின்னதாக இருக்க வேண்டும், பேஸ் ஆழமாக இறங்க வேண்டும், குறைந்த வாட்டில் சத்தமாகப் பேச வேண்டும், இந்த மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். இன்றும் அதை யாரும் மீறவில்லை. இன்றைய சின்னப் பெட்டிகள் மூன்றாவதை விட்டுக்கொடுத்து, மலிவான டிஜிட்டல் ஆம்ப்பால் வாட்டை அள்ளி இறைத்து ஈடுகட்டுகின்றன. நெருக்கடியான வீட்டுக்கு அது நியாயமான வழிதான்.

புதியவை மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற ஒலி ஆய்வாளர் செய்த வேலைக்குப் பிறகு ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. எந்தப் பெட்டி பேசுகிறது என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் சொன்னால், பெரும்பாலான காதுகள் மேடுபள்ளமில்லாத, பக்கவாட்டிலும் சீராகப் பரவுகிற சத்தத்தையே தேர்ந்தெடுக்கின்றன. இன்று நடுத்தர விலைப் பெட்டிகளே அந்தக் கணக்குப்படி வடிவமைக்கப்படுகின்றன. கேஇஎஃப் 2012இல் விட்ட எல்எஸ்50, வார்ஃப்டேல் டயமண்ட் வரிசை, நம் கொல்கத்தாவின் சோனோடைன் என்று நல்லவை நிறைய உண்டு. பழைய முகத்தோடு புதிதாக வருவதும் உண்டு. 1970இல் வந்த ஜேபிஎல் எல்100ஐ 2018இல் எல்100 கிளாசிக் என்று திரும்ப விட்டார்கள்.

ஆனால் நம் கரைக்கு என்று வரும்போது நான் ஒரு பாகுபாடு வைத்திருக்கிறேன். ஆம்ப் தனியாக, பெட்டி தனியாக இருப்பதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆம்ப், ப்ளூடூத், பவர் சப்ளை எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கிற வகையில், உப்பு முதலில் தின்பது அந்தப் போர்டைத்தான். போர்டு போனால் அதே போர்டு கிடைக்காது, நல்ல வூஃபரும் ட்வீட்டரும் அதோடு சேர்ந்து வீணாகிவிடும். தனித்தனியாக இருந்தால் ஆம்ப் போனால் ஆம்ப், அவ்வளவுதான். உங்கள் ஏஆர் நாற்பது வருஷம் கழித்தும் ஒரு ஃபோம் வளையத்தோடு எழுந்து நிற்பதற்குக் காரணமே உள்ளே கெட்டுப்போக அதிகம் இல்லை என்பதுதான். போனிலிருந்து பாட வேண்டுமா? ஆம்ப்பின் ஆக்ஸ் வாயில் சின்ன ப்ளூடூத் ரிசீவரைச் சொருகினால் போயிற்று.

அறைதான் உண்மையில் உங்களுக்குப் பெரிய தலைவலி. 12க்கு 12 என்பது நீளமும் அகலமும் ஒன்று. நம் வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் போகும். 12 அடிச் சுவர்களுக்கு நடுவே அது 48 ஹெர்ட்ஸில் தேங்கி நின்று முழங்கும். உங்கள் அறையில் நீளத்திலும் அகலத்திலும் அதே 48. அந்தச் சுருதி வரும்போது சுவர் ஓரம் உட்கார்ந்தால் பேஸ் குமுறும், அறை நடுவில் உட்கார்ந்தால் காணாமலே போகும். அதனால் நாற்காலியை நடுவிலும் போடாதீர்கள், சுவரிலும் ஒட்டாதீர்கள். பின்சுவரிலிருந்து நாலடி தள்ளிப் போடுங்கள். பெட்டிகளை மூலையில் முட்டவிடாமல், இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் வேறு வேறு தூரம் வருமாறு வையுங்கள். பெட்டிக்குப் பின்னால் உள்ள சுவரோடு ஓரளவு நெருக்கம் இந்த மாதிரி மூடிய பெட்டிக்கு நல்லதுதான். ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவர் காது உயரத்துக்கு வர வேண்டும்.

எதிரொலிக்கு டைல்ஸும் கான்கிரீட் தளமும்தான் காரணம். கைதட்டிப் பாருங்கள், 'டிர்ர்' என்று நீளும். தரையில் கனத்த கம்பளம், எதிர்ச்சுவரில் மடிப்பு மடிப்பாகத் தொங்குகிற கனத்த திரை, துணி போட்ட சோபா, திறந்த புத்தக அலமாரி, இவ்வளவும் வந்தால் குரல் தெளியும். கோரைப்பாய் மெல்லியது, மேல்சுருதியைக் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான். இதையெல்லாம் செய்துவிட்டு நாகூர் ஹனீபா பாட்டு ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். மைக் இல்லாமலே கூட்டத்தின் கடைசி வரிசைக்கு எட்டுகிற குரல் அது. அந்தக் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில், ஆள் நிற்கிற உயரத்தில், கூச்சலாகாமல் நின்றால் உங்கள் அறையும் பெட்டியும் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். பேஸை வைத்துச் சோதிப்பதைவிட மனிதக் குரலை வைத்துச் சோதிப்பது நம்பகமானது, ஏனென்றால் குரல் எப்படி இருக்க வேண்டும் என்று நம் காதுக்கே தெரியும்.

இனிமேல் பாதுகாப்பது எப்படி? சமையல் உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். கடற்கரை இரவுகளில் இந்த அளவு சர்வசாதாரணம். அதாவது கம்பியில் படிந்த உப்புத் தூசி ஒவ்வொரு இரவும் உப்புத் தண்ணீராகி, பகலில் காய்ந்து, மறுபடி நனைகிறது. அதனால்தான் மதுரையில் இருபது வருஷம் பளபளக்கிற செம்பு ஒயர் இங்கே இரண்டு மழைக்காலத்தில் கறுத்துவிடுகிறது. வெறும் செம்புக்குப் பதில் வெள்ளீயம் பூசிய ஒயர் போடுங்கள். படகு வயரிங் செய்பவர்களிடம் கேட்டால் தெரியும், அவர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்கள். டெர்மினலைச் சுத்தம் செய்து ஒயரை இறுக்கியபின் மேலே வேசலின் (பெட்ரோலியம் ஜெல்லி) லேசாகத் தடவுங்கள். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். ஆம்ப் சூடானாலே அதனுள் ஈரம் தங்காது. பிளாஸ்டிக் கவர் போட்டு மூடவே கூடாது, உள்ளே வேர்த்துப்போகும். பழைய பருத்தி வேட்டி நல்லது. கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மணலும் உப்பும் சேர்ந்து வரும்.

பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு வீடு துடைக்கிற பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. ஈர மாப்பு படப்பட பார்ட்டிகிள் போர்டின் அடிவிளிம்பு தண்ணீர் குடித்து, பிஸ்கட் மாதிரி ஊதிப் பிளக்கும். அதைத் திரும்பச் சேர்க்க முடியாது. ஸ்டாண்டு இல்லாவிட்டால் நாலு கிரானைட் துண்டு வைத்தாவது தூக்கிவிடுங்கள். துளை உள்ள வேறு பெட்டி பின்னால் வாங்கினால் அந்தத் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குளவி மண்கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டையிட்டிருக்கும். மெல்லிய வலைத்துணி கட்டினால் சத்தம் பாதிக்காது.

சால்டர், கண்டன்சர், வெள்ளீயம் பூசிய ஒயர் எல்லாம் ராமநாதபுரத்திலோ மதுரையிலோ கிடைக்காவிட்டால் சென்னை ரிட்சி தெருவில் கிடைக்கும். அடுத்த முறை எழுதும்போது மூன்று விஷயம் அனுப்புங்கள்: வூஃபரின் நான்கு அளவு, இரண்டு வூஃபரிலும் மீட்டர் காட்டுகிற ஓம்ஸ், ஆம்ப்பின் பின்பக்கப் போட்டோ. ஃபோம் எது வாங்குவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அந்த ஆம்ப்பை மட்டும் பிளக்கில் சொருக வேண்டாம்.